விட முடியாத மூச்சு

மூச்சு என்னும் சொல்லோடு நம் மக்கள் சேர்த்து வழங்கும் வினைச்சொற்களை ஒருவர் பொறுமையாகத் தொகுத்துப் பார்ப்பாரானால், சுவாச வைத்தியத்தின் பாதிப் பாடத்தை அவர் மருத்துவக் கல்லூரியின் வாசலை மிதிக்காமலே கற்றவராவார். மாடிப்படி ஏறினவனுக்கு மூச்சு வாங்குகிறது. ஓடி வந்தவனுக்கு மூச்சு இரைக்கிறது. கூட்டத்தில் நெருக்குண்டவனுக்கு மூச்சு முட்டுகிறது. நீரில் அமிழ்ந்தவனுக்கு மூச்சுத் திணறுகிறது. இவை யாவும் துன்பத்தின் பெயர்கள். துன்பமொன்றுமின்றி இருக்கும் சாதாரண நிலைக்கு நாம் இட்டிருக்கும் பெயரோ மூச்சு விடுதல் என்பது. காற்றை உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதுமாகிய இரண்டு தொழில்களுள், இழுப்பதை ஒதுக்கி, விடுவதையே முழுத் தொழிலுக்கும் பெயராகத் தமிழர் எக்காரணத்தால் தேர்ந்துகொண்டனர் என்பது மொழிநூலார் விசாரிக்க வேண்டிய விஷயம். ஆனால், மார்கழிக் குளிரில் இரவு இரண்டு மணிக்குப் படுக்கையை விட்டு எழுந்து, ஜன்னலைத் திறந்து, கம்பியைப் பற்றிக்கொண்டு, ‘மூச்சு விட முடியவில்லையே’ என்று சொல்லும் நோயாளி, தன் வியாதியின் இலக்கணத்தைத் தான் அறியாமலே பிழையின்றிச் சொல்லிவிடுகிறான் என்பது மட்டும் உறுதி. ஆஸ்துமாவானாலும் சரி, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயானாலும் சரி, மூலத் தொல்லை காற்று உள்ளே போவதைவிட, போன காற்று வெளியே வருவதிலேதான் இருக்கிறது.

அது எவ்வாறு என்று அறிவதற்கு, நுரையீரலின் அமைப்பைச் சிறிது பார்க்க வேண்டும். தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, அவ்விரண்டும் மறுபடி இரண்டிரண்டாகப் பிரிந்து, இவ்வாறே ஏறக்குறைய 23 முறை கிளைத்து, தலைகீழாக நட்ட ஒரு மரம்போல் மார்புக் கூட்டினுள் பரவியிருக்கிறது. அம்மரத்தின் இலைகளாக முடிவில் நிற்பவை காற்று நுண்ணறைகள். அவற்றின் எண்ணிக்கை 30 கோடிக்குக் குறையாது. அவ்வறைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்ப முடியுமானால், ஒரு நடுத்தர வீட்டின் தரை முழுவதையும் மூடும்படியாக ஏறக்குறைய 70 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். இந்த நுட்பமான திரையின் ஒருபுறம் காற்றும் மறுபுறம் இரத்தமும் நின்று, பிராணவாயுவையும் கரியமிலவாயுவையும் பண்டமாற்றுச் செய்துகொள்கின்றன. ஓய்வாக இருக்கும் ஒருவன் ஒரு மூச்சுக்கு அரை லிட்டராக, நாளொன்றுக்குச் சுமார் 20,000 முறை, 10,000 லிட்டர் காற்றை உள்ளே வாங்கி வெளியே விடுகிறான். உண்ணும் சோற்றில் ஒரு கல் இருந்தால் முகம் சுளிக்கிற நாம், இந்தப் பதினாயிரம் லிட்டரில் என்னென்ன கலந்திருக்கின்றன என்று கேட்பதேயில்லை.

மரத்தின் பருத்த கிளைகளுக்குக் குருத்தெலும்பு வளையங்கள் அரணாக இருக்கின்றன. நுனிக்கிளைகளுக்கு, அதாவது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த சிறு குழல்களுக்கு, அந்தப் பாதுகாப்புக் கிடையாது. அவற்றைத் திறந்து வைத்திருப்பது சுற்றியுள்ள நுரையீரல் திசுவின் மீள்சக்தியே. கூடாரத்தின் துணியை நாற்புறமும் இழுத்துக் கட்டிய கயிறுகள் நிமிர்த்தி வைத்திருப்பது போல, அத்திசுவின் இழைகள் அக்குழல்களை நாற்புறமும் இழுத்துப் பிடிக்கின்றன. மூச்சை உள்ளே இழுக்கும்போது உதரவிதானம் தாழ்ந்து மார்பு விரிகிறது, கயிறுகள் இறுகுகின்றன, குழல்கள் அகலுகின்றன. ஓய்வான நிலையில் மூச்சை விடும்போதோ எந்தத் தசையும் உழைப்பதில்லை. இழுத்துவிட்ட ரப்பர் தானே சுருங்குவதுபோல் நுரையீரல் தன் இயல்பினாலேயே சுருங்குகிறது. அச்சமயத்தில் கயிறுகள் தளர்ந்து, குழல்கள் சற்றுக் குறுகுகின்றன. ஆரோக்கியமான நுரையீரலில் இக்குறுக்கம் ஒரு பொருட்டன்று. குழலின் உட்சுவர் வீங்கியோ, கோழை படிந்தோ, கயிறுகள் அறுந்தோ இருக்குமானால், உள்ளே போகும்போது விரிந்த வழி, வெளியே வரும்போது மூடிக்கொள்கிறது. மீன் பிடிக்கும் கூடை இவ்விதத்ததே அன்றோ? நுழைய வழியுண்டு, மீள வழியில்லை.

இங்கே பௌதிக விதி ஒன்று நோயாளிக்கு விரோதமாக நிற்கிறது. குழலொன்றின் விட்டம் பாதியாகக் குறைந்தால், அதனூடே சீராகச் செல்லும் காற்றுக்கு ஏற்படும் தடை இருமடங்காவதோடு நிற்பதில்லை, பதினாறு மடங்காகிவிடுகிறது. ஆகவே சுவரில் காகிதக் கனமுள்ள வீக்கம் ஏற்பட்டாலும் மூச்சின் உழைப்புப் பன்மடங்கு பெருகும். வெளிவராத காற்று ஒவ்வொரு மூச்சுக்கும் சிறிது சிறிதாக உள்ளே தங்கித் தங்கி, நாளடைவில் மார்பு பீப்பாயைப் போல் உப்பிவிடுகிறது. ஏற்கெனவே நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்ற இடமேது? அப்போது நோயாளிக்கு மூச்சை இழுக்கவும் முடிவதில்லை. அவன் இழுக்க முடியாமையை மட்டும் உணர்ந்து, மேலும் மேலும் அவசரமாக இழுக்கிறான். அவசரம் மிகுந்தால் விடுவதற்குரிய நேரம் குறைகிறது. குறைந்தால் உள்ளே தங்கும் காற்று இன்னும் மிகுகிறது. இந்தச் சக்கரத்தில் ஒருமுறை அகப்பட்டவர்கள் அதன் பீதியை ஆயுள் முழுவதும் மறப்பதில்லை.

நுரையீரலில் காற்றுச் சிறைப்படுவதைத் தெளிவாகக் கண்டு எழுதியவர் பிரெஞ்சு வைத்தியர் லேனெக். 1816ல், ஒரு பெண் நோயாளியின் மார்பில் நேரே காது வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கிக் கேட்டு, அதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தாரே, அவரே. நோயாளியின் மார்பில் தாம் கேட்டதையும், அவர் இறந்தபின் பிரேதப் பரிசோதனையில் கண்டதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். மார்பைத் திறந்தவுடன் சாதாரண நுரையீரல் காற்று இறங்கிச் சுருங்கிவிடும். சில நுரையீரல்களோ, உயிர் போன பின்னும் சுருங்காமல், உப்பியது உப்பியபடியே கிடந்தன. நுண்ணறைகளின் சுவர்கள் சிதைந்து, பல அறைகள் ஒன்றாகி, மீள்சக்தி முற்றும் இழந்துபோன நிலை அது. 1819ல் வெளியான தம் நூலில் அவர் விவரித்த இந்நிலையை எம்ஃபைசீமா என்கிறார்கள். காச நோய்க்குப் பலியாகி 1826ல் அவர் இறந்தபோது வயது 45.

லேனெக் காதால் கேட்டதை எண்ணால் அளக்க முற்பட்டவர் ஜான் ஹட்சின்சன் என்னும் ஆங்கில வைத்தியர். நீரில் கவிழ்த்த ஒரு மணிக் கலத்தினுள் குழாய் வழியே ஊதச் செய்து, கலம் எவ்வளவு எழும்புகிறது என்று பார்க்கும் ஸ்பைரோமீட்டர் என்னும் கருவியை அவர் அமைத்து, 1846ல் தம் முடிவுகளை வெளியிட்டார். மாலுமிகள், போலீஸ்காரர்கள், அச்சுத் தொழிலாளிகள், மல்லர்கள், குள்ளர்கள், கனவான்கள், தரித்திரர்கள் என இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அக்கருவியில் ஊதச் சொல்லி, மனிதனின் சுவாசக் கொள்ளளவு அவன் உயரத்தோடு ஒத்து வளர்வதை நிரூபித்தார். ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு இது மிகவும் பயன்படும் என்று அவர் நம்பியது, மனிதாபிமானத்தைவிட வியாபாரம் முதலில் விழித்துக்கொள்ளும் என்பதை அவர் அறிந்திருந்தமையால் போலும்! பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய், கடைசியில் ஃபிஜித் தீவில் 1861ல் அவர் காலமானார். ஆனால் அவர் ஒன்றைக் கவனியாது விட்டார். எவ்வளவு காற்று வெளிவருகிறது என்று அளந்தாரேயன்றி, எவ்வளவு நேரத்தில் வெளிவருகிறது என்று அளக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1947ல், பாரிஸ் நகரத்து ராபர்ட் டிஃபனோ கடிகாரத்தையும் அக்கருவியோடு சேர்த்தார். இழுக்கக்கூடிய அளவு மூச்சை இழுத்து, வேகமாக ஊதினால், ஆரோக்கியமான இளைஞன் மொத்தக் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் முதல் விநாடியிலேயே வெளியே தள்ளிவிடுவான். மூச்சுக்குழலைத் தளர்த்தும் மருந்து கொடுத்த பின்னும் இவ்விகிதம் நூற்றுக்கு 70க்குக் கீழே நின்றால், அடைப்பு நிலைத்துவிட்டது என்று பொருள். மூச்சு விட முடியவில்லை என்ற நம்மவர் வாக்குமூலத்தின் எண் வடிவம் அதுவே.

இனி இரு வியாதிகளையும் பிரித்தறிய வேண்டும்; நம் ஊரில் இரண்டையும் ‘இளைப்பு’ என்றும், ‘ஈளை’ என்றும், இக்காலத்தில் ‘வீசிங்’ என்றும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறோம். ஆஸ்துமா பெரும்பாலும் இளமையில் தொடங்குவது. குழல்களின் உட்சுவர் ஓயாத அழற்சியால் சினங்கொண்ட நிலையில் இருந்து, தூசியோ, மகரந்தமோ, குளிர்ந்த காற்றோ, ஜலதோஷமோ தூண்டினால் சுற்றுத் தசை சட்டென்று இறுகி, பிறகு மருந்தாலோ தானாகவோ தளர்வது. நேற்றுத் திணறியவன் இன்று பந்தாடுவான். மேகமும் குளிரும் கூடினால் மிகுவதும், படுத்தால் வருத்துவதும், உட்கார்ந்தால் சற்றே சுகம் தருவதுமான தமக சுவாசம் என்று சரக சம்ஹிதை வர்ணிப்பதைப் படிப்பவர்கள், அந்த வைத்தியன் இரவெல்லாம் ஒரு நோயாளியின் பக்கத்தில் அமர்ந்திருந்து எழுதியிருக்கிறான் என்று எளிதில் உணர்வார்கள். நாட்பட்ட அடைப்பு நோயோ, சி.ஓ.பி.டி. என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்வது, நாற்பது வயதுக்கு மேல் மெல்ல மெல்ல வெளிப்படுவது. பட்ட சேதம் மீளாதது. காலையில் எழுந்தவுடன் கோழையும் இருமலும், பிறகு மேட்டில் ஏறும்போது இளைப்பு, பிறகு சமதரையில், பிறகு குளிக்கும்போதும் துணி உடுத்தும்போதும் என்று அது படிப்படியாக மனிதனின் உலகத்தைச் சுருக்கிக்கொண்டே வருகிறது. பலர் அதை வயதின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். படி ஏறுவதை நிறுத்தினவனுக்கு மூச்சு வாங்குவதில்லை. ஆகவே தனக்கு நோயில்லை என்று அவன் நினைத்துக்கொள்கிறான். சேதத்தின் பாதி இந்த மௌனத்திலேயே நடந்துவிடுகிறது.

இவ்வடைப்பு நோய்க்கு முதற்காரணம் புகை. சிகரெட்டின் பங்கை இன்று சிறுவனும் அறிவான். பீடி அதற்கு எவ்விதத்திலும் இளைத்ததன்று. லண்டன் மாநகரில் 792 ஆண்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து, ஃபிளெட்சரும் பீட்டோவும் 1977ல் வெளியிட்ட படமொன்று இத்துறையில் மிகப் பிரசித்தம். யாருக்கும் இருபத்தைந்து வயதுக்குப் பிறகு முதல் விநாடி ஊதும் சக்தி ஆண்டுக்குச் சில தேக்கரண்டிக் காற்று வீதம் குறைந்துகொண்டுதான் போகிறது. புகையால் பாதிக்கப்படும் இயல்புடையவர்களுக்கு அச்சரிவு இருமடங்கும் அதற்கு மேலும் செங்குத்தாகிறது. ஆனால் எந்த வயதில் நிறுத்தினாலும், இழந்தது திரும்பாவிட்டாலும், அந்நாள் முதல் சரிவு மற்றவர்களுடையதைப் போல் சாந்தமாகிவிடுகிறது. ‘அறுபது வயதாயிற்று, இனி விட்டென்ன?’ என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் ஏதும் இல்லை. நகரக் காற்றின் குற்றமும் சிறியதன்று. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் கவிந்த நிலக்கரிப் புகைமூட்டத்தில் ஏறக்குறைய 4,000 பேர் மாண்டதாக அப்போதே கணக்கிட்டார்கள்; பிற்காலத்து மதிப்பீடுகள் அதனினும் மிகப் பெரியவை. அதன் பயனாக 1956ல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

ஆனால் நம் நாட்டில் இந்நோய்க்கு ஆளான பெண்களில் மிகப் பலர் ஒருநாளும் பீடியைத் தொட்டவர்களல்லர். 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் நாட்பட்ட அடைப்பு நோயாளிகள் சுமார் 5.5 கோடி, ஆஸ்துமாக்காரர்கள் சுமார் 3.8 கோடி. இந்த முதற்றொகையில் அடுப்படிக்கு உள்ள பங்கைக் கண்டுகொள்ள வேண்டுமானால், ஓட்டு வீட்டின் பின்கட்டில், கரிபடிந்த உத்தரத்தின் கீழே, ஈரச் சுள்ளியும் தென்னை மட்டையும் வரட்டியும் எரியாமல் புகைந்துகொண்டிருக்கும் அடுப்பின் முன்னே, குத்துக்காலிட்டு அமர்ந்து, இரும்பு ஊதுகுழலை உதட்டில் வைத்து ஊதும் பெண்ணை நினைத்துப் பார்க்க வேண்டும். ஊதுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அவள் ஆழ்ந்து மூச்சிழுக்கிறாள். இழுப்பது அந்தப் புகையைத்தான். காற்றில் மிதக்கும் நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு நாள் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரையறை. விறகு எரியும் அடுக்களையில் சமையல் நேரத்தில் அது நூற்றுக்கணக்கில் நிற்கும். ஆயிரத்தைத் தொடுவதும் உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமச் சமையலறைகளில் கருவிகளை வைத்து இப்புகையை ஆண்டுக்கணக்காக அளந்து வந்திருக்கிறார்கள். 2016ல் தொடங்கிய உஜ்வலா திட்டம் முதலான ஏற்பாடுகளால் எரிவாயு சிலிண்டர் இன்று குடிசைக்கும் வந்திருக்கிறது. எனினும், வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் மாட்டுத் தீவனம் காய்ச்சவும் விறகடுப்பு கொல்லைப்புறத்தில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சிலிண்டர் தீர்ந்த வாரங்களில் அது மறுபடி அடுக்களைக்குள் வந்துவிடுகிறது.

இந்தப் பெண் அறுபதாம் வயதில் திண்ணையில் உட்கார்ந்திருப்பதையும் பாருங்கள். முன்னே சாய்ந்து, இரு கைகளையும் முழங்கால்மேல் ஊன்றி, உதட்டைக் குவித்து, ‘ஃபூ’ என்று மெதுவாக நெடுநேரம் ஊதிக்கொண்டிருக்கிறாள். யாரும் அவளுக்குக் கற்பிக்கவில்லை. உதட்டைக் குவித்து ஊதும்போது வாயிலேற்படும் சிறு தடை, குழல்களினுள் அழுத்தத்தை நிலைநிறுத்தி, அவை மூடிக்கொள்ளாதபடி காத்து, சிறைப்பட்ட காற்று வெளிவர அவகாசம் தருகிறது என்பது சுவாசப் பயிற்சி நிபுணர்கள் இன்று முதற்பாடமாகச் சொல்லித் தருவது. அடுப்பை ஊதி ஊதி நோயை வாங்கிக்கொண்ட அதே உதடுகள், அதே வடிவில் குவிந்து, அந்நோய்க்குத் தாமே ஒரு சிறு சிகிச்சையும் செய்துகொள்கின்றன. இதைவிடக் கொடுமையான பொருத்தத்தை நான் வைத்திய சாஸ்திரத்தில் கண்டதில்லை.

மருந்துகளின் கதைக்கு வருவோம். அதில் சென்னைக்கு ஒரு கௌரவமான, சற்று விபரீதமான பங்கு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் கும்பெனியாரின் தலைமை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், சாயப்பூச்சி வளர்க்கச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டவர். செடிகொடிகளில் அளவிறந்த பிரியமுள்ளவர். ஊமத்தையின் வேரை உலர்த்தி, இடித்து, சுங்கானில் இட்டுப் புகைத்தால் இளைப்புத் தணியும் என்று இந்நாட்டாரிடமிருந்து அறிந்த அவர், அதைத் தாமும் கையாண்டார். ஜெனரல் ஜென்ட் என்பவர் 1802ல் அச்சரக்கை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக, அது ஐரோப்பாவெங்கும் பரவி, ஆஸ்துமா சிகரெட் என்ற பெயரோடு நூறாண்டுக்கு மேல் கடைகளில் விற்பனையாயிற்று. நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்ட் தம் மூடிய அறையில் இவ்விதப் புகைகளைப் போட்டுக்கொண்டுதான் காலங்கழித்தார். நுரையீரல் நோய்க்குப் புகை பிடிப்பது மருந்தா என்று சிரிக்க வேண்டியதில்லை. ஊமத்தையிலுள்ள அட்ரோபின் இனத்துப் பொருள், குழல்களை இறுகச் சொல்லும் நரம்பின் கட்டளையை இடைமறிக்கிறது. விஷத்தை நீக்கி அக்குணத்தை மட்டும் வைத்துக்கொள்ள ரசாயனிகள் முயன்றதன் பலனே இன்றைய இப்ராட்ரோபியமும் டியோட்ரோபியமும். சாமானிய வாசகர் ஊமத்தையைத் தேடிப் போக வேண்டாம்; அது பித்துப் பிடிக்கச் செய்யும், உயிரையும் வாங்கும். ஆடாதோடையின் வாசிசின் என்னும் சத்திலிருந்து, கோழையை இளக்கும் புரோம்ஹெக்சின் பிறந்த கதையும் இவ்வகையினதே. அதை இங்கே விரிக்க இடமில்லை.

மருந்தைவிட, மருந்தை நுரையீரலுக்குக் கொண்டுபோகும் வழியே பெரிய பிரச்சினையாக இருந்தது. 1955ல் அமெரிக்காவில், ஆஸ்துமாவால் வருந்திய பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தி, உடைந்துவிடும் கண்ணாடித் தெளிப்பானையும் ரப்பர்ப் பந்தையும் எவ்வளவு நாள்தான் தூக்கித் திரிவது, தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைப் போல் இதை ஒரு டப்பாவில் அடைத்துத் தர முடியாதா என்று தன் தந்தையைக் கேட்டாள். தந்தை ஜார்ஜ் மேசன், ரைக்கர் லாபரட்டரீஸ் என்னும் மருந்துக் கம்பெனியின் தலைவர். மறு ஆண்டே அளவிட்டுத் தெளிக்கும் இன்ஹேலர் கடைக்கு வந்துவிட்டது. உலகத்தில் எத்தனையோ குழந்தைகள் எத்தனையோ நியாயமான கேள்விகளைக் கேட்கின்றன. கேட்கப்பட்டவரின் கையில் ஒரு தொழிற்சாலையும் இருப்பது அபூர்வம்.

இந்த இன்ஹேலரிடம் நம்மவர் கொண்டிருக்கும் அச்சத்தைப் பற்றி நான் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன். ‘பஃப் அடிக்கத் தொடங்கினால் அது பழகிவிடும், அது கடைசிக் கட்டத்துக்கு உரியது, மாத்திரையே போதும்’ என்பது பட்டணத்திலும் பட்டிக்காட்டிலும் ஒருங்கே நிலவும் அபிப்பிராயம். கணக்கைப் பாருங்கள். சால்புடமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து உண்டு. இன்ஹேலரின் ஓர் அழுத்தில் வருவது 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரை விழுங்குகிறவன் நாற்பது அழுத்துக்குரிய மருந்தை விழுங்குகிறான். அதில் பெரும்பகுதி நுரையீரலோடு சம்பந்தமில்லாத இடங்களுக்கெல்லாம் போய், கை நடுக்கத்தையும் படபடப்பையும் உண்டாக்குகிறது. ஸ்டீராய்டு மாத்திரைக்கும் இழுக்கும் ஸ்டீராய்டுக்கும் உள்ள வித்தியாசமும் இவ்வாறே. கொல்லையில் ஒரு செடிக்கு நீர் வேண்டுமென்று ஏரி மதகைத் திறப்பாருண்டோ?

இன்ஹேலரிலும் இருவகை உண்டு என்பதும், அவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்து என்பதும் அறியத்தக்கவை. ஒன்று, இறுகிய தசையை நிமிஷங்களில் தளர்த்தி உடனே சுகம் தருவது. மற்றது ஸ்டீராய்டு, உடனடியாக ஒரு சுகமும் தராமல், நாள்தோறும் தவறாது இழுப்பவனுக்கு வாரக்கணக்கில் அழற்சியை ஆற்றுவது. மனித சுபாவம் முதலாவதைக் கொண்டாடி இரண்டாவதை அலமாரியில் வைத்துவிடுகிறது. 1960களில் இங்கிலாந்தில், வீரியம் மிகுந்த ஐசோப்ரெனலின் தெளிப்பான் பரவிய காலத்தில், இளம் ஆஸ்துமாக்காரர்களின் சாவு திடுக்கிடும்படி உயர்ந்தது. காரணத்தைப் பற்றி வாதம் நெடுங்காலம் நடந்தது. எனினும், தற்காலிக சுகத்தை நம்பி, அடியில் கனலும் அழற்சியைக் கவனியாது விடுவது தவறு என்னும் பாடம் நின்றது. 1972ல் இழுக்கும் ஸ்டீராய்டான பெக்ளோமெதசோன் வந்தது. ஆயினும், தசை தளர்த்தும் குறுகிய கால மருந்தை மட்டுமே கொண்டு ஆஸ்துமாவை நடத்தலாகாது என்று சர்வதேச வழிகாட்டு நெறிகள் வெளிப்படையாகக் கூறியது 2019ல்தான். உண்மையை அறிவதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் இடையே வைத்தியர்களுக்கும் இவ்வளவு காலம் பிடிக்கும்போது, நோயாளியை மட்டும் குறைகூறுவது முறையாகாது.

இழுக்கும் விதமும் ஒரு வித்தை. அழுத்தித் தெளிக்கும் டப்பாவைக் குலுக்கி, முதலில் உள்ளிருக்கும் காற்றை நன்றாக விட்டு, பிறகு மெதுவாக இழுக்கத் தொடங்கிய கணத்தில் அழுத்தி, இழுத்து முடித்தபின் பத்து விநாடி அடக்க வேண்டும். கேப்ஸ்யூலைப் போட்டு இழுக்கும் பொடிக் கருவியானால், அதற்கு நேர்மாறாக, வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். இவ்விரண்டையும் மாற்றிச் செய்பவர்கள் மருந்தை நாக்குக்கும் தொண்டைக்கும் ஊட்டிவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள். கைக்கும் மூச்சுக்கும் ஒத்துவராத குழந்தைகளும் முதியவர்களும், ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் கூட்டினுள் மருந்தைத் தெளித்து, அதிலிருந்து நிதானமாக இழுக்கலாம். ஸ்டீராய்டு இழுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாய்ப்புண் வருவது குறையும்.

ஜூன் மாதத் தொடக்கத்தில், மிருகசீரிஷக் கார்த்தி நாளன்று, ஐதராபாத்தில் உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்து வைத்து விழுங்குவதற்கு ஆயிரமாயிரம் பேர் வரிசையில் நிற்பதைப் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். போய் வந்து குணமடைந்தேன் என்பவர்கள் பொய் சொல்பவர்களல்லர். ஆஸ்துமா இயல்பாகவே ஏறி இறங்கும் நோய். மிகவும் கடுமையாக இருக்கும்போதுதான் மனிதன் ரயிலேறுவான். அதற்குப் பிறகு எது செய்தாலும், செய்யாவிட்டாலும், பெரும்பாலும் தணிவுதான் வர வேண்டும். புகழ் மீனுக்குப் போய்விடுகிறது. மீன் விழுங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை. அதை விழுங்கிய தைரியத்தில் இன்ஹேலரை வீசியெறிவதுதான் உயிருக்கு உலை வைப்பது.

அடைப்பு நோய் முற்றியவர்களுக்கு இன்னொரு விஷயம் மருந்துக்கு நிகராக முக்கியமானது. இளைக்கிறதென்று உட்கார்ந்துவிட்டால் காலின் தசை நலிகிறது. நலிந்த தசை சிறு வேலைக்கும் அதிகப் பிராணவாயு கேட்கிறது. அதனால் இளைப்பு இன்னும் மிகுகிறது. இந்த வட்டத்தை உடைக்க, வைத்தியர் மேற்பார்வையில் அன்றாடம் நடக்கப் பழக்கும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி, நுரையீரலைக் கொஞ்சமும் மாற்றாமலே மனிதனை மாற்றிவிடுகிறது. படுத்தவர் எழுந்து கடைத்தெருவுக்குப் போய் வருகிறார். ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியும், நிமோனியாவுக்கு எதிரான தடுப்பூசியும், மழைக்காலத்தில் நோய் திடீரென்று முற்றி ஆஸ்பத்திரியில் விழும் சந்தர்ப்பங்களைக் குறைக்கின்றன. இரத்தத்தில் பிராணவாயு மிகவும் தாழ்ந்துவிட்டவர்களுக்கு, நாளொன்றுக்குப் பதினைந்து மணிக்குக் குறையாமல் அதை அளித்து வந்தால் ஆயுள் நீள்கிறது என்று 1980, 81ஆம் ஆண்டுகளில் வெளியான அமெரிக்க, பிரிட்டிஷ் ஆராய்ச்சிகள் காட்டின. இளைக்கும்போது மட்டும் ஐந்து நிமிஷம் முகர்ந்துவிட்டு, செலவைக் கருதிக் கருவியை நிறுத்திவைப்பதால் அப்பலன் கிட்டாது. அளவுக்கு மீறி வைப்பதும் ஆபத்து. சில நோயாளிகளுக்கு அதனாலேயே கரியமிலவாயு தேங்கி மயக்கம் வரும்.

இவையெல்லாம் நோயைக் கண்டுபிடித்த பிறகு செய்யத்தக்கவை. கண்டுபிடிப்பதற்கோ எளிய பரீட்சையொன்று முன்காலத்து வைத்தியர்களிடம் இருந்தது: எரியும் தீக்குச்சியை வாய்க்கு அரையடி தூரத்தில் பிடித்து, உதட்டைக் குவிக்காமல், வாயை அகலத் திறந்தபடியே ஊதி அணைக்கச் சொல்வார்கள், அணைக்க முடியாதவருக்கு அடைப்பு பெரும்பாலும் கடுமையாக இருக்கும். ஆனால் தொடக்க நிலையைத் தீக்குச்சி காட்டாது. அதற்கு ஹட்சின்சன் கருவியின் வாரிசுதான் வேண்டும். அது இன்று ஒரு கையில் அடங்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டது. மாவட்டத் தலைநகர்களிலும் கிடைக்கிறது. வாசகரே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ, முப்பது நாற்பது வருஷம் விறகடுப்பின் முன்னே உட்கார்ந்து சமைத்துவிட்டு, இப்போது கோயில் படி ஏறும்போது ‘வயசாயிடுச்சு, வேறென்ன’ என்று நின்று நின்று போகும் ஒரு பாட்டியோ அத்தையோ இருப்பாராயின், அவரை ஒருமுறை அழைத்துச் சென்று அக்கருவியில் ஊதச் சொல்லுங்கள். ஆறு விநாடி ஊதினால் போதும்.